ஆன்ட்ரூஸின் கண் போன பக்கம்

ஆன்ட்ரூஸ் தன்னைப் பார்க்கவில்லை என்பதைப் பிலோமி முதன்முதலாகக் கவனித்தது குளச்சல் மீன் ஏலக்கூடத்து வாசலில் வைத்துத்தான்.

கத்தாரில் காலை ஷிப்ட் முடித்து அறைக்கு வந்ததும் அவன் வீடியோவில் கூப்பிடுவான். "வெளிய இறங்கு, ஊரைப் பாத்துட்டே பேசுவோம்" என்பான். அன்று தரையெல்லாம் சாளை மீன் கொட்டிக் கிடந்தது. ஏலம் விடுகிறவரின் இழுத்த குரலும், ஐஸ் உடைக்கும் சத்தமும், டீசல் புகையோடு கலந்த கவிச்சியும் ஒன்றாக வந்து மூச்சை அடைத்தன. அதைக் காட்டலாமென்று அவள் போனைத் திருப்பப் போனாள்.

"அது கிடக்கட்டு. உன் பக்கமே பிடி."

தன்னைத்தான் பார்க்க ஆசைப்படுகிறான் என்று அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவளிடம் வந்து சேரவில்லை. அவளுடைய இடது தோளைத் தாண்டி எங்கோ போய் விழுந்தது.

"உங்க ரூம்ல யாரு இருக்கா?"

"யாருமில்ல. ஏன் கேக்க?"

அவள் நம்பவில்லை. திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவள் அவள். கடலையே கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தாள். விடுப்பு முடிந்து அவன் விமானம் ஏறிய பின்பு, முகம் தெரிந்த ஒரு மனுஷி இல்லாத இந்த ஊரில், மாலையில் வரும் அந்த அழைப்பு ஒன்றுதான் அவளுக்குத் துணை. அவனுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி லீமா காய்ச்சலில் இறந்துபோனாள் என்பதைப் பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார்கள். வீட்டில் லீமாவின் படம் ஒன்றுகூட இல்லை. பிலோமிக்கு அது நிம்மதியாக இருந்தது. செத்தவளை நினைத்து யாரும் வயிறெரிய வேண்டியதில்லை. அவள் வயிறெரிந்தது கத்தாரில் அவன் அறைக்கு வந்துபோகும் எவளோ ஒருத்தியை நினைத்துத்தான்.

அதனால் அவன் கண்களையே பார்த்துக்கொண்டு நடந்தாள். எந்தத் தெரு என்பதை அவன்தான் சொல்வான். மாதா கோயில் முக்கு, வலை பின்னுகிறவர்கள் உட்காரும் மணல்மேடு, பள்ளிவாசல் தாண்டிய பேக்கரி. ஒவ்வோர் இடத்திலும் நிற்கச் சொல்வான். நின்றதும் அவன் பார்வை அவள் முகத்தைத் தொட்டு, வழுக்கி, இடது பக்கம் போய்த் தங்கிவிடும். அப்போது அவன் முகம் கனிந்துவிடும். கல்யாணத்தன்றுகூட அவளை அவன் அப்படிப் பார்த்ததில்லை.

அந்த நேரங்களில் ஒரு வாசனை வரும். கடற்கரை முழுக்க அடிக்கும் உப்பும் கருவாடும் இல்லை. ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த ஈரத்துணியின் வாசனை. நடக்கும்போது சிமெண்டுச் சாலையில் அவள் செருப்புச் சத்தத்துக்குக் கொஞ்சம் பிந்தி இன்னொரு செருப்புச் சத்தம் கேட்கும். ஊர் புதிது, சந்துகள் நெருக்கம், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் அழைப்பு முடிந்து திரும்பும்போது பக்கத்து வீட்டு ராகேல் வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்ன மக்கா, இன்னைக்கு எங்கயெல்லாம் போன?"

பிலோமி சொன்னாள். ராகேலின் கை நின்றது.

"லீமாளும் இப்படித்தான் மோளே. போனும் கையுமா, கோயில் முக்கு, மணல்மேடு, பேக்கரின்னு அவனுக்குக் காட்டிக்கிட்டே நடப்பா. அவ சாவும்போ அவனுக்கு லீவு கிடைக்கல்ல. அடக்கத்தையும் போன்லதான் பாத்தான், கேட்டியா. குழியில இறக்குனப்புறமும் போனை வைக்க மாட்டேன்னுட்டான். போனைப் பிடிச்சிருந்த பயலுக்குக் கை கடுத்துப்போச்சு."

பிலோமி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இந்த ஊரை அவளுக்கு அவன் காட்டவே இல்லை. இன்னொருத்தி நடந்த வழியில் அவளை நடக்க விட்டு, அந்த இன்னொருத்தியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். செத்தவள்மேல் வயிறெரியலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் அவன் மணல்மேட்டுக்குப் போகச் சொன்னபோது அவள் எதிர்ப்பக்கம் திரும்பினாள். கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவை நோக்கி நடந்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம்" என்றான்.

"ஏங்க?"

"அவளுக்குப் பிடிக்காது."

"யாருக்கு?"

படம் ஒரு கணம் உறைந்து, திரும்ப அசைந்தது. அவள் விடாமல் நடந்தாள். பின்னால் அந்தச் செருப்புச் சத்தம் தயங்கியது. பிறகு வேகமாக வந்தது.

வளைவின் நுனியில் ஆள் இல்லை. சூரியன் இறங்கிக் கடல் ஈயம்போல் கிடந்தது. அலை கல்லிடுக்கில் புகுந்து, உறிஞ்சி, வெளியே துப்பியது. பிலோமி போனை முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"என்னைப் பாருங்க."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

பார்க்கவில்லை. கண்கள் இடது பக்கம் இருந்தன, நீர் கட்டி, பளபளத்து.

திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் அவள் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் கல். கடல். கட்டத்தின் ஓரத்தில் காற்றில் பறக்கும் கொஞ்சம் தலைமுடி.

பிலோமி அன்று இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்த முகத்தை அவளும் பார்க்க வேண்டிவரும். ஆஸ்பத்திரி வாசனை நாக்கில் கசந்தது. முதுகில் குளிர். ஓடியிருக்கலாம். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் எரிந்தது. இவன் என் புருஷன். என் தாலி. என் போன். மூச்சுக்காற்று கண்ணாடியில் படியும்வரை போனை முகத்தோடு ஒட்டினாள். அந்தக் கட்டம் முழுக்க அவளே இருந்தாள். வேறு யாருக்கும் அதில் இடமில்லை.

"தள்ளிப் பிடி பிலோமி" என்றான் ஆன்ட்ரூஸ். கெஞ்சுவதுபோல். "நீ மறைக்க."

"மாட்டேன்."

"தயவுசெஞ்சு கொஞ்சம் தள்ளு."

"மாட்டேன்னா மாட்டேன்!"

அவள் விரல்களின்மேல் வேறு விரல்கள் படிந்தன.

ஈரம். ஜில்லிப்பு. விரலிடுக்கில் மண் நறநறத்தது. அவை போனைப் பிடுங்கவில்லை. அவள் கையோடு சேர்த்துப் பிடித்து மெல்ல நகர்த்தின. இடது பக்கம். இன்னும் கொஞ்சம். கையை இழுத்தாள். வரவில்லை. கத்தப் பார்த்தாள். குரலும் வரவில்லை. சின்னக் கட்டத்தில் அவள் காது நகர்ந்து போனது. கன்னம் போனது. கண் போனது. கடைசியில் அவள் அதில் இல்லை.

"ஆங்" என்றான் ஆன்ட்ரூஸ். "இப்பம் தெரியுது."

இத்தனை நாள் பிலோமி காத்திருந்த பார்வை அது. ஒரு கைநீளம் தள்ளி நின்று அதைப் பார்த்தாள்.

கட்டத்துக்குள் வேறொரு முகம் நிறைந்திருந்தது. மூக்குத்துவாரங்கள் இரண்டிலும் பஞ்சு. தாடையைச் சேர்த்து உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத்துணி. அந்தக் கட்டுக்குள் வாய் திறக்க முயன்று, மெல்ல மெல்ல அசைந்தது.

"சொல்லு மக்கா" என்றான் ஆன்ட்ரூஸ், திரையோடு காதைச் சாய்த்து. "சொல்லு. நல்லா கேக்குது."