வாப்பா பெயர் ஒட்டிய டியூப்

லியாகத் அலியின் இரண்டு சிறுநீரகங்களுக்கும் சேர்த்து ஆராய்ச்சிக்காரர்கள் போட்ட விலை, ஆட்டோ செலவுக்கு முந்நூறு ரூபாயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். ராயபுரத்தில் பழைய இரும்புக்காரன்கூட இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டிருப்பான். ஆனாலும் மகள் ஜன்னத் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அவள் வேலை பார்க்கும் லேபில்தான் அந்தச் சோதனை: அறுபத்தைந்து தாண்டியவர்களின் ரத்தத்தில் ஒரு புரதத்தைத் தேடுவது. சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடப் போகிறதென்றால், இரண்டு நாள் முன்பே அது ஏறிக் காட்டிக்கொடுக்கும்.

நூற்றைம்பதுக்குள் இருந்தால் பயமில்லை. மெஷின் காட்டியது தொள்ளாயிரத்துப் பத்து.

டியூபில் இருந்தது வாப்பாவின் பெயர். ரத்தம் ஜன்னத்துடையது.

காய்ச்சலில் கிடந்து எழுந்த மனிதர். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தும், ரமலான் பிறந்ததும் நோன்பு பிடித்துவிட்டார். நோயாளிக்குச் சலுகை உண்டென்று இமாமே சொல்லிப் பார்த்தார். நோன்போடு ஊசி குத்தக்கூடாதென்று, சோதனையின் முதல் நாள் காலையிலேயே கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார் வாப்பா. பன்னிரண்டு நாள், நாளுக்கொரு டியூப்; ஒரு நாள் ரத்தம் தவறினாலும் பெயரை அடித்துவிடுவார்கள். இலவச வைத்தியமும் அதோடு போகும். அதனால் ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் இடக்கையிலேயே எடுத்து, அவர் பெயரில் வைத்துவிட்டாள்.

கூட வேலை செய்யும் மோகனப்ரியா நான்கு மணிக்கே கிளம்பிவிட்டாள். கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒவ்வொன்றாக நகர, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து, தாங்கியில் டியூப்கள் பல் தந்தியடிப்பதுபோல ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. மீன் வாடையும் டெட்டாலும் கலந்த காற்றில் இன்னொன்று, காய்ச்சல் நாட்களில் வாப்பாவின் தலையணையில் அடித்த அதே புளித்த வியர்வை வாடை, மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.

மெஷின் கோளாறாக இருக்கும். மறுபடி தன் இடக்கையில் குத்தினாள். ஒரே ஊசி, இரண்டு டியூப். ஒன்றில் தன் பெயர், ஒன்றில் வாப்பா பெயர்.

ஜன்னத், அறுபது.

லியாகத் அலி, ஆயிரத்து முந்நூறு.

போன் அடித்தது. வாப்பா.

"இன்னாம்மா, நோம்பு தொறக்க வர்லியா?" தொண்டை வறண்டு, குரலில் ஈரமே இல்லை.

"வாப்பா, ஒண்ணுக்குப் போனீங்களா?"

"காலீலேந்து வர்ல. அத்த வுடு. எடது கை ஒரே ரத்தமாக் கீது. ஊசி குத்துன மாதிரி, ரெண்டு எடம்."

ஜன்னத் தன் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்தாள். பஞ்சு வெள்ளையாக இருந்தது. தோலில் ஒரு பொட்டுகூட இல்லை.

"நோம்ப வுட்டுட்டு தண்ணி குடிங்க வாப்பா. இப்பவே."

"இன்னும் பாங்கு சொல்லல." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "மூணு," என்றார்.

அவள் எதையும் தொடவில்லை.

பன்னிரண்டு நாளைக்கும் சேர்த்து, வேலை மிச்சமென்று, பன்னிரண்டு டியூபிலும் வாப்பா பெயரை ஒட்டி அடுக்கிவைத்தவள் அவள்தான். தாங்கியைப் பார்த்தாள். மூடி திறக்காத டியூப். அடியிலிருந்து சிவப்பு. ஏறியது.

தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. பெயரைக் கிழிக்க நகத்தைக் கொடுத்தாள். போனில் வாப்பா அலறினார். கையை எடுத்துவிட்டாள்.

"நாலு," என்றார் வாப்பா, ரொம்பத் தூரத்திலிருந்து.

வாப்பா பெயரில் அவள் எடுத்தது இரண்டு. நிரம்பியது நான்கு. ஐந்தாவது ஏறிக்கொண்டிருந்தது.

பாக்கி ஏழு.