மெட்டில்டா அத்தையின் சிவப்பு வட்டம்

அஸ்தினாபுரம் தாவீது வீட்டில் யாரும் குனிந்து நடந்ததில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற தாவீது தாத்தா, எழுபத்தெட்டு வயதிலும் கம்பம் நட்டது போல நிமிர்ந்து நடப்பார். அவருடைய மகள் மெட்டில்டாவும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் பேத்தி ஜோவிதா மட்டும் பள்ளிப் பையின் கனத்தில் கொஞ்சம் குனிவாள். அதற்குத் தினமும் தாத்தாவிடம் திட்டு வாங்குவாள்.

மெட்டில்டா அத்தை, தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர். இருபத்தாறு வருடங்களாக அதே வேலை. அவர் சேர்ந்தபோது அங்கே இருந்தது வெறும் மண் தரை. மழை பெய்தால் சாக்கைப் போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பயிற்சியைத் தொடங்கிவிடுவார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு பந்து?" என்று கேட்ட அப்பாக்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொள்வார். சம்மதம் வாங்காமல் எழுந்திருக்கமாட்டார். அவர் பழக்கிய பெண்களில் போலீஸ் அதிகாரி உண்டு, ரயில்வேயில் இருப்பவர்கள் உண்டு. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களே ஏழு பேர்.

அத்தை யாரையும் "சூப்பர்" என்று பாராட்டியதில்லை. யாராவது மிக மிக நன்றாக ஆடினால், "சரியா இருக்கு" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்காகப் பெண்கள் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள்.

அன்று சனிக்கிழமை. கல்லூரி அரங்கத்தில் மாலை நான்கு மணிக்கு ஆட்டம். மூன்றரைக்கே சொந்தக்காரர்களும் சர்ச் சபை மக்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காரணம், சுவரில் தொங்கிய பெரிய பேனர். தாத்தா அத்தைக்குத் தெரியாமல் செய்த ஏற்பாடு அது. அத்தையின் படமும் அதற்குக் கீழே 'வெற்றிகள் 300' என்ற எழுத்தும் பளபளத்தன. ஆட்டம் முடிந்ததும் கல்லூரி முதல்வர் அத்தைக்குப் பொன்னாடை போர்த்துவார்.

"இன்னிக்கு ஜெயிச்சாதானே முந்நூறு? ஜெயிக்கறதுக்கு முன்னாடியே எப்படி அடிச்சீங்க, தாத்தா?" என்று கேட்டாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோவிதா.

"தாவீது பொண்ணு ஜெயிப்பா. நீ நிமிர்ந்து உட்காரு."

ஜோவிதா நிமிர்ந்தாள். அவள் மடியில் அத்தையின் பழைய நோட்டுகள் இருந்தன. ஒவ்வொரு ஆட்டத்தையும் அத்தை அதில் எழுதி வைப்பார். அதை வைத்துத்தான் தாத்தா வெற்றிகளை எண்ணினார். பொழுது போகாமல் பக்கங்களைப் புரட்டிய ஜோவிதா ஓரிடத்தில் நின்றாள். ஒரு வெற்றியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அதன் கீழே எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்து.

'எதிரணியில் நாலு பேர்தான் வந்தார்கள். விதிப்படி வெற்றி நமக்கு. ஆடாமல் வந்த வெற்றி எனக்கு வேண்டாம். நம் பிளஸ்ஸியை அவர்களுக்கு ஐந்தாவது ஆளாகக் கொடுத்து, சும்மா ஒரு ஆட்டம் ஆடினோம். இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.'

ஜோவிதா தாத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, ஒண்ணு கூடுதலா எண்ணிட்டீங்க."

"யாரு, நானா? முப்பத்தஞ்சு வருஷம் கூட்ஸ் வண்டியில பெட்டி எண்ணினவன் நான்!"

"இந்தச் சிவப்பு வட்டம் போட்ட மேட்ச் இருக்கே..."

"அது பெரிய வெற்றி. அதனாலதான் வட்டம் போட்டிருக்கா."

"கீழே எழுதியிருக்கறதைப் படிச்சீங்களா?"

தாத்தா சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். முதல் முறையாக அவர் தோள் கொஞ்சம் தொய்ந்தது. ஆனால் உடனே நிமிர்ந்துகொண்டார்.

"விதிப்படி வெற்றிதானே? அப்புறம் என்ன?"

"விதிப்படி சரி, தாத்தா. அத்தைக்குச் சரியா?"

தாத்தா சபை மக்கள் பக்கம் பார்த்தார். "இப்ப பேனரை இறக்கினா, தாவீது பெருமைக்காகப் பொய்க் கணக்கு போட்டாருன்னு நாலு பேர் சிரிப்பாங்க."

"இறக்கலேன்னா அத்தை வந்து பார்ப்பாங்க. மைக்கைப் பிடிச்சு, இது தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுவாங்க. பொன்னாடையும் வேண்டாம்னுடுவாங்க."

சொல்லிவிடுவார் என்று இருவருக்கும் தெரியும். அத்தை இன்னும் அணியோடு உடை மாற்றும் அறையில் இருந்தார். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.

ஜோவிதா சுற்றிலும் பார்த்தாள். மூலையில் தூசி படிந்த பழைய ஸ்கோர் போர்டு சாய்ந்திருந்தது. எண் எழுதிய அட்டைகளைக் கொக்கியில் மாட்டும் பலகை அது. அட்டை ஒவ்வொன்றும் ஒரு முழம் உயரம்.

முந்நூறில் இன்றைய ஆட்டம் ஒன்று, சிவப்பு வட்டம் ஒன்று என்று கழித்துக்கொண்டே அவள் ஓடினாள். பேனரைக் கட்டிய அரங்க ஊழியர் ரத்தினத்திடம் போய் நின்றாள்.

"ரத்தினம் அண்ணா, பேனர்ல இருக்கற முந்நூறு மேல இந்த அட்டைகளை மாட்டித் தரீங்களா? ரெண்டு, ஒன்பது, எட்டு."

"இன்னா பாப்பா, இப்பத்தானே ஏறி எறங்கினேன்! முந்நூறு நல்லாத்தானே கீது?"

"நல்லாதான் இருக்கு. ஆனா இன்னும் வரல."

ரத்தினம் தலையைச் சொறிந்துகொண்டே ஏணியில் ஏறினார். 'வெற்றிகள் 298' என்று மாறியது. கூட்டத்தில் யாரோ, "என்னங்க, குறையுது?" என்று கேட்டார். தாத்தாவின் காது சிவந்தது.

அப்போது எதிரணியின் பயிற்சியாளர் விசிலைக் கழுத்தில் போட்டபடி வந்தார். அவர் பெயர் ஏஞ்சல். பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் பாப்பா, எண்ணை மாத்தறீங்க?"

ஜோவிதா நோட்டை விரித்துக் காட்டினாள். ஏஞ்சல் படித்தார். அவர் கண்கள் கலங்கின. பிறகு சிரித்துவிட்டார்.

"அந்த நாலு பேருக்கு நான்தான் கேப்டன். வழியில பஸ் நின்னு போச்சு. நாங்க நாலு பேர் மட்டும் ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்தோம். ஆடாமலே தோத்துட்டோம்னு அழுதுகிட்டு நின்னோம். உங்க அத்தைதான், 'அழுதது போதும், வாங்க ஆடலாம்'னு கூப்பிட்டாங்க."

தாத்தாவிடம் திரும்பினார்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா சார்? அந்த ஆட்டத்துல நாங்கதான் ஜெயிச்சோம்! கடைசிக் கூடை போட்டதே உங்க பிளஸ்ஸிதான். நீங்க எண்ணினது எங்க வெற்றி!"

தாத்தா திகைத்தார். பிறகு அவருடைய மீசை துடித்தது. ஜோவிதாவுக்குத் தெரியும், தாத்தா சிரிப்பை அடக்கும்போது மீசைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

விசில் ஒலித்தது. ஏஞ்சலின் அணி லேசாக விடவில்லை. கடைசி நிமிடம் வரை இரண்டு அணிகளும் மாறி மாறி முன்னே போயின. முடிவில் அத்தையின் அணி ஒரே ஒரு புள்ளியில் வென்றது.

கைதட்டல் ஓயும் முன்பே தாத்தா எழுந்தார். ஏணியை ரத்தினம் பிடித்துக்கொள்ள, மூன்று படி ஏறினார். எட்டாம் எண் அட்டையைக் கழற்றி, ஒன்பதை மாட்டினார். இறங்கி, கூட்டத்தைப் பார்த்து, "எண்ணினதுல தப்பு என்னுது. திருத்தினது என் பேத்தி" என்றார். யாரும் சிரிக்கவில்லை. முதலில் கைதட்டியது ஏஞ்சல்.

மெட்டில்டா அத்தை துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். பேனரையும் ஜோவிதாவின் கையில் இருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

ஜோவிதா தாத்தாவை விடவும் நிமிர்ந்து நின்றாள்.

முதல்வர் பொன்னாடை போர்த்தி முடிந்ததும், ரத்தினம் அண்ணா பேனரைக் கழற்றப் போனார். "கட்டு அப்படியே இருக்கட்டும்ணா!" என்று ஓடிப் போய்த் தடுத்தாள் அவள். "அடுத்த மேட்ச்ல ஜெயிச்சதும் அட்டையை எடுத்தா போதும். முந்நூறு கீழேதான் இருக்கு!"