பூக்க அனுமதி

காலை ஆறு மணிக்கு மிளகாய்ச் செடிகள் பூக்க அனுமதி கேட்டன.

வழக்கமாக ஏழுக்குள் பதில் வந்துவிடும். விதைக்குள்ளேயே கம்பெனி வைத்திருக்கும் வித்துப்பூட்டு திறக்கும், மொட்டு விரியும். இன்று கண்மாய்க்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணத்தின் மணிக்கட்டுத் திரையில் வேறு செய்தி வந்தது: ‘தணிக்கைக்குப் பிறகே அனுமதி. நண்பகலுக்குள் பூட்டு திறக்காவிட்டால் மொட்டுகள் முழுவதும் உதிர்ந்துவிடும்.’

அவள் பதறவில்லை. ஒப்பந்தப்படி மண்ணில் நாற்பது வகை உயிராவது இருக்க வேண்டும். மூன்று வருடமாக ஒரு சொட்டு மருந்து படாத மிளகாய்க்காடு அவளுடையது. புழுவும் வண்டுமாய்க் கொழித்துக் கிடந்தது.

புல்லுக்கட்டோடு திரும்பியவள் அப்படியே நின்றாள். ஒரு சருகு இல்லை, களை இல்லை. வரப்பும் பாத்தியும் வெள்ளை வெளேர் என்றிருந்தன. புருஷன் சேதுமாணிக்கம் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

“என்னய்யா பண்ணி வச்சிருக்க?”

“பெரிய எடத்துலேர்ந்து பாக்க வர்றாக. குப்பையும் கூளமுமாவா காட்டுறது? மந்திரி வந்தப்ப ரோட்டோரம் போட்டாகல்ல, அதே பிளீச்சிங் பவுடர்தான்.”

“புழுவ எண்ண வர்றாகய்யா! பொண்ணு பாக்க வர்ற மாதிரி சோடிச்சு வச்சிருக்கியே!”

சேதுமாணிக்கத்தின் கையிலிருந்து சாக்கு நழுவியது.

பதினொரு மணிக்குத் தணிக்கைத்தும்பி வந்து இறங்கியது. உள்ளங்கை அகல இயந்திரம். ஊசிமூக்கை மண்ணில் குத்தி எண்ணியது.

“மண்புழு, சுழியம். சிலந்தி, சுழியம். எறும்பு ஒன்று. அதுவும் வெளியேறிக்கொண்டிருக்கிறது.”

பக்கத்துக் காட்டு இருளாயி சட்டியோடு ஓடிவந்தாள். அவள் காடு பத்து மணிக்கே அறுபத்துமூன்று வகை உயிரோடு தேறி, வெள்ளையாய்ப் பூத்து நின்றது.

“இந்தா, எங்காட்டுப் புழு. இதையும் சேத்து எண்ணு!”

“இரவல் உயிர்கள் கணக்கில் சேரா.”

பதினொன்றே முக்கால். முதல் மொட்டு பஞ்சவர்ணத்தின் காலடியில் விழுந்தது.

“பேசுறதுக்கு மனுச மக்க யாருமே இல்லையா அங்க?”

“மேல்முறையீடு உண்டு,” என்ற தும்பியின் கண்ணில் ஒரு முகம் தெரிந்தது. கடல்மேல் மிதக்கும் நகரத்தில், விதை கொடுத்து மிளகாயை வாங்கும் அந்தக் கம்பெனியின் அதிகாரி. அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில், ‘உயிருள்ள மண்ணிலிருந்து உங்கள் தட்டுக்கு’ என்று எழுதியிருந்தது.

“எங்கே, காட்டு பார்ப்போம்… அடடா, எவ்வளவு சுத்தம்! இயற்கைன்னா இப்படித்தான் இருக்கணும். இதை எதுக்கு நிறுத்தி வச்ச?”

“உயிர்க்கணக்கு போதவில்லை.”

“சாப்பிடுறவங்க பாக்கெட்ல இருக்கிற படத்தைத்தான் பாப்பாங்க, கணக்கையா பாக்கப் போறாங்க? திற.” அவள் கண் சுருங்கியது. “பக்கத்துல அது என்ன, சருகும் சிலந்தி வலையுமா? சீ, புழு நெளியுது! அதையா தேத்தின? உடனே பூட்டு. நாளைக்கு வேணும்னா மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லு.”

“அம்மா, அதுதாம்மா உசிருள்ள மண்ணு…” என்று பஞ்சவர்ணம் வாயெடுத்தாள். அவளுடைய செடிகளில் மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

முகம் மறைந்தது. வரப்புக்கு அந்தப்பக்கம் விரிந்த பூக்கள் பொலபொலவென்று கொட்டின. பஞ்சவர்ணத்தால் இருளாயியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

“மதினி,” என்று இருளாயிதான் கூப்பிட்டாள்.

“சொல்லு.”

இருளாயியின் சட்டியில் புழுக்கள் விளிம்பேறிக்கொண்டிருந்தன. அவள் கண் சேதுமாணிக்கத்தின் காலடியில் இருந்தது.

“அந்தச் சாக்குல பவுடர் மிச்சம் இருக்கா?”