நேராக்கிய குரல்

"சத்தமே வரலீங்க அண்ணி."

"கோப்பு வந்துதா?"

"வந்துச்சுங்க. கோடு பாட்டுக்கு நகருது. கட்டம் கட்டமா பட்டை பட்டையா என்னென்னவோ தெரியுது. காதுல மட்டும் ஒண்ணும் விழுகல."

"குரலணி மாட்டுனியா கண்ணு?"

"அப்படீன்னா?"

கல்யாணமான மறுவாரம் நாத்தனார் வசந்தமணியோடு நடந்த இந்தப் பேச்சு, பல வருடம் கழித்து, சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சுடர்க்கொடிக்குச் சம்பந்தமில்லாமல் நினைவுக்கு வந்தது. செய்தி கேட்கக் காதில் மாட்டியிருந்த காதுமணியில் அப்போதுதான் அவள் கணவனின் செய்தி வந்திருந்தது. 'காபி நன்றாக இருந்தது அம்மிணி' என்றது செய்தி. அதை அனுப்பிய மாரப்பன் சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், காலி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரே வீட்டில் அறைக்கு அறை செய்தி அனுப்புவதை அந்தக் காலத்தில் யாரும் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. பூமியில் இருபத்தொன்றாம் நூற்றாண்டிலேயே, மாடியில் இருக்கும் மகனைச் சாப்பிடக் கூப்பிடக் கீழேயிருந்து அம்மாக்கள் செய்தி அனுப்பினார்கள் என்று பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் இருந்தது. ஆனால் சுடர்க்கொடியின் கவலை வேறு. மாரப்பன் கலிஸ்டோவின் பனிச் சுரங்கத்திலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அவளோடு வாய் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கவில்லை. அவனுடைய பை கூடத்து மூலையில் பிரிக்கப்படாமல் இருந்தது. அவனைக் கொண்டுவந்த சரக்குக் கப்பல் இன்னும் துறையில் நின்று பனிக்கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. இறக்கி முடித்ததும் திரும்பப் போகும். சுரங்கத்தில் அவன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவர்கள் இருந்தது செவ்வாயில், புதுக் காங்கேயம் என்ற குடியிருப்பில். சொந்த ஊரின் பெயரை வைத்துவிட்டதால் சொந்த ஊரின் வழக்கங்களும் கூடவே வந்துவிட்டன. மாப்பிள்ளை வியாழனைச் சுற்றும் அந்தக் கலிஸ்டோ நிலவில் இருக்கும்போதே கல்யாணம் நடந்தது. தாலியை வசந்தமணியே கட்டினாள். நாத்தனார் முடிச்சு என்று ஒன்று ஏற்கெனவே வழக்கத்தில் இருந்ததால், மற்ற இரண்டையும் அவளே சேர்த்துப் போடுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது, தம்பிக்குப் பேச்சு கொஞ்சம் கம்மி என்று அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். பெண் வீட்டார் அதை ஒரு நல்ல குணமாக எடுத்துக்கொண்டு இன்னொரு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

அவ்வளவு தொலைவுக்குக் குரலை அப்படியே அனுப்ப முடியாது. கோள்களுக்கிடையே செல்லும் அலைவழியில் ஒவ்வொரு துளி இடமும் சுரங்கக் கணக்குக்கும் விபத்துச் செய்திகளுக்குமே போதவில்லை. அதனால் மக்களுக்கு ஓசைக்குறிப்பு மட்டும் அனுமதிக்கப்பட்டது. பேசுகிறவர் கழுத்தில் கட்டிய தொண்டைப்பட்டி, எந்த எழுத்து, எந்தச் சுருதி, எப்போது தொடங்கி எப்போது முடிகிறது, எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டும் குறித்து அனுப்பும். சத்தமாகப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. தொண்டை அசைந்தால் போதும்.

இது புரியாமல்தான் சுடர்க்கொடி முதல் நாள் ஊமைத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கோப்பில் சத்தம் இருக்கிறது, தன் கருவிதான் பழுது என்று நினைத்தாள். வசந்தமணி தகவல் கூடத்தில் வேலை செய்பவள். குறிப்பு என்பது பாட்டு அல்ல, பாட்டை இப்படி வாசி என்று எழுதிக் கொடுத்த தாள், வாசிக்க ஒரு வாத்தியம் இருந்தால்தான் காதில் விழும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்த வாத்தியத்துக்குத்தான் குரலணி என்று பெயர். திரையில் ஒரு தடத்தைத் திறந்து, குறிப்பை அதில் வைத்து, பட்டியலிலிருந்து ஒரு குரலணியை எடுத்து மாட்ட வேண்டும்.

சுடர்க்கொடி வீட்டுக்கு வந்து அப்படியே செய்தாள். ஆனால் அவசரத்தில் குறிப்பைப் பத்தாவது தடத்தில் வைத்துவிட்டாள். எந்தக் காலத்திலோ யாரோ செய்த ஏற்பாட்டின்படி பத்தாவது தடம் தாளத்துக்கு மட்டுமே உரியது. புதுமாப்பிள்ளையின் முதல் செய்தி, எழுத்துக்கு ஓர் அடியாக, தவில் சத்தத்தில் வந்தது. வாசலில் போன பக்கத்து வீட்டம்மாள், என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தாள். எந்த விசேஷமும் இல்லை, வீட்டுக்காரர் பேசுகிறார் என்று சொல்லிவிட்டுச் சுடர்க்கொடி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதன்பின் அவள் தேர்ந்தெடுத்த குரலணி 'ஆழ்குரல், மாலை' என்ற வகையைச் சேர்ந்தது. அவள் வீடு இருந்த நடைவழியில் கணவன் தொலைவில் இருந்த பெண்கள் எல்லோருமே இப்படித்தான் செய்தார்கள். கோபம் வந்த வாரத்தில் கீச்சுக் குரல், சமாதானமான வாரத்தில் நல்ல குரல் என்று மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. சுடர்க்கொடி மாற்றவே இல்லை. அந்தக் குரலில் ஓர் அழகு இருந்தது. 'உன்னை' என்பதற்கு முன் ஒரு கணம் நிற்கும். 'நினைத்தேன்' என்பதில் லேசாகத் தயங்கும். அந்த நிற்றலும் தயங்கலும்தான் தன் கணவன் என்று அவள் நம்பியிருந்தாள்.

இப்போது வந்திருக்கிறவனோ துறைமுகத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தான், தலையசைத்தான், அவள் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தடவை வாயைத் திறக்கப் போனவன் மூடிக்கொண்டு, கழுத்துப் பட்டியைத் தொட்டான். அவள் காதில் ஆழ்குரல் மாலை பேசியது. எதிரே நின்ற மனிதனின் உதடுகள் அசையவில்லை.

அவனிடமிருந்து கதைகள் நிறைய வந்தன, எல்லாம் குறிப்பாகவே. சுரங்கத்தில் யாருக்கும் குரலணி மாற்றத் தெரியாதாம். கருவியோடு வந்த ஒன்றாம் எண் பெண்குரலிலேயே எல்லா மனைவிகளும் பேசினார்களாம். ஒருமுறை சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ ஒருவர் செய்தியைப் பொதுவில் திறந்துவிட, அதில் விழுந்த வசவுக்கு மேசையில் இருந்த அத்தனை ஆண்களும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்களாம். கேட்டபோது சுடர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் மனதில் ஒன்று தைத்தது. அப்படியானால் இத்தனை வருடமும் இவர் கேட்டது தேன் தடவிய அந்த ஒன்றாம் எண்ணைத்தான். அவளுடைய சொந்தக் குரலோ, மிக்ஸியில் வரமிளகாய் அரைப்பது போல் இருக்கும் என்று அவள் அம்மாவே சொல்வாள். அதைக் கேட்கப் பிடிக்காமல்தான் இந்த மனிதர் பேச்சையே குறிப்புக்குள் வைத்துக்கொள்கிறார் என்று அவள் முடிவு செய்தாள்.

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுத் தகவல் கூடத்துக்குப் போனாள். வசந்தமணியிடம் அழாமல் சொல்லப் பார்த்தாள். முடியவில்லை. என் குரலுக்கும் ஏதாவது அணி இருக்கிறதா, வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டாள்.

வசந்தமணி வெகுநேரம் மேசையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த மேசையைத்தான் துடைத்தாள். பிறகு தம்பி முதன்முதலில் அனுப்பிய செய்தியைத் திரையில் திறக்கச் சொன்னாள். பட்டைகள் கட்டத்துக்குக் கட்டம் ஒழுங்காக நின்றன. திரையின் மேல் ஓரத்தில் இரண்டு பொத்தான்கள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்றில் 'நேராக்கு' என்றும் மற்றொன்றில் 'இயல்பாக்கு' என்றும் எழுதியிருந்தது. வீட்டுக் கருவியிலும் அது வந்த நாளிலிருந்தே இரண்டும் எரிகின்றன. சுடர்க்கொடி அவற்றைத் தொட்டதில்லை.

வருகிற குறிப்பில் முன்பின்னாக இருப்பதையெல்லாம் இழுத்துக் கட்டத்துக்குள் நிறுத்துவது முதல் பொத்தானின் வேலை. அப்படி நிறுத்தினால் பேச்சு இயந்திரம் போல் ஆகிவிடும் அல்லவா? அதனால் இரண்டாவது பொத்தான் இங்கே ஒரு தயக்கம், அங்கே ஒரு நிற்றல் என்று தன் போக்கில் தூவி, மனிதர் பேசுவது போல் ஆக்கும். மூலக் குறிப்பு அழிவதில்லை. பொத்தானை அணைத்தால் அது உள்ளபடி தெரியும்.

"ரெண்டையும் அணைச்சுப் பாரு கண்ணு," என்றாள் வசந்தமணி.

பட்டைகள் கலைந்தன. 'உன்னை' என்ற சொல்லுக்கு முன்னால் 'உ' என்ற எழுத்து மட்டும் சின்னச் சின்னப் படிகளாக வரிசையில் நின்றது. பிறகு நீண்ட வெற்றிடம். மறுபடி படிகள். அழுத்தக் கோடு ஒவ்வொரு படியிலும் உயர்ந்துகொண்டே போய், கடைசியில் சொல் மொத்தமாக வந்து விழுந்தது. ஒரு வரியைச் சொல்ல அவன் எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்பது காதில் எதுவும் கேட்காமலேயே தெரிந்தது. அந்தச் சிரமத்தையெல்லாம் கருவி சுத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டு, தன் கையிருப்பிலிருந்து நாகரிகமான தயக்கம் இரண்டைப் போட்டு அவளுக்குக் கொடுத்திருந்தது. அவள் காதலித்தது அந்த இரண்டைத்தான்.

இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

"நான் பொய் சொல்லலியே. பேச்சு கம்மின்னு சொன்னேன்ல?" என்றாள் வசந்தமணி. பிறகு குரல் இறங்கி, சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரித்ததையும், சுரங்கத்து இரைச்சலில் எல்லோருமே குறிப்பில்தான் பேசுவார்கள் என்று தெரிந்ததும் அவன் தானாகக் கிளம்பிப் போனதையும் சொன்னாள். கருவி நேராக்கிவிடும் என்ற தைரியத்தில்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தானாம். திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதை அவன் யோசிக்கவில்லை. "நானும் யோசிக்கல," என்றாள்.

துறையில் சங்கு ஊதியது. கடைசிப் பனிக்கட்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

சுடர்க்கொடி வேகமாக நடந்து வீட்டுக்குள் நுழைந்தாள். மாரப்பன் அதே இடத்தில் இருந்தான். பை மட்டும் மூலையிலிருந்து அவன் காலடிக்கு வந்திருந்தது. அவளைக் கண்டதும் அவன் கை கழுத்துக்குப் போயிற்று. அவள் காதுமணியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"பட்டியக் கழட்டுங்க மாமா. எனக்குத் தெரியும். அண்ணி சொல்லிட்டாங்க."

அவன் முகம் வெளிறியது. பிறகு பட்டியின் கொக்கியை விடுவித்தான். அது இருந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி வெளுத்த ஒரு வளையம் தெரிந்தது.

"நா... நா... நான் வ... வ..."

"வருத்தமா இருக்கீங்களா? வேண்டாமுங்க, எனக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றாள் சுடர்க்கொடி. அவன் தலையை ஆட்டினான். அது இல்லை.

"வ... வந்..."

"வந்ததே தப்புங்கறீங்களா? அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

அதுவும் இல்லை. அவன் கண்ணை மூடித் திறந்தான். மறுபடி தொடங்கினான். சொல் அவன் தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. அவன் சிரமப்படக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு. கப்பல், பசி, தண்ணீர், அண்ணிமேல் கோபம் என்று கிடைத்த சொல்லையெல்லாம் எடுத்து அவன் வாக்கியத்தின் வாயில் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் தலை இன்னும் தாழ்ந்தது. கருவியாவது அவன் அனுப்பிய சொல்லைத்தான் நேராக்கியது. அவளோ அவன் சொல்லவே சொல்லாததைச் சொல்லி முடித்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்குத் துளியும் கெட்ட எண்ணம் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் கப்பல் தலைவர் வரை இதுவரை அவனுக்கு இந்த உதவியைச் செய்த எவருக்குமே கெட்ட எண்ணம் இருந்ததில்லை.

மாரப்பன் வாயை மூடிக்கொண்டான். கை பட்டியை நோக்கிப் போயிற்று. அதை எடுத்தான். அப்போதுதான் சுடர்க்கொடிக்குத் தான் செய்தது உறைத்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் பட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். வெளியே கப்பல் கிளம்புவதற்கான இரண்டாம் சங்கு ஊதி ஓய்ந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. பட்டியை மேசைமேல் வைத்து, தள்ளிவிட்டு, பேசினான். ஆழமான குரல் இல்லை அது. சற்றே கரகரத்தது. வயதுக்கு இளையதாக இருந்தது. அவள் அதற்கு முன் கேட்டிராத குரல்.

"நீ... நீ மு... மு... முடிச்சு வெக்காத அம்மிணி."

அவள் வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை.

"நா... நான் சொ... சொல்லி முடிக்கற வரைக்கும்... கா... கா..."

அடுத்த சொல் என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கா... காத்திரு."