சேர் இன்னும் ஊதவில்லை

தலைப்பிள்ளைப் பேற்றுக்காக வங்காலையில் தாய்வீட்டுக்குப் போயிருந்த நிறஞ்சலா, பிள்ளையை வெள்ளைத் துவாயில் சுற்றிக்கொண்டு ஓட்டோவில் மன்னார்த் தீவுக்குத் திரும்பினாள். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாலம் தாண்டும்போது வழக்கம்போல உப்பு முகத்தில் ஒட்டியது. தலைமன்னார் றோட்டில் கழுதைகள் வழக்கம்போல நட்டநடுவில் நின்று, ஓட்டோக்காரனிடம் வழக்கம்போல ஏச்சு வாங்கின.

புருசன் டினேஷ் ஒருநாள்கூடப் பிள்ளையைப் பார்க்க வரவில்லை என்பது மட்டும்தான் வழக்கமில்லாதது. பிள்ளை பிறந்த கிழமையில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, பந்தடியும் பழக்கிய அமிர்தநாயகம் சேர் செத்துப்போனார். அந்தச் செத்தவீட்டுக்காக அவன் வராமல் விட்டதை நிறஞ்சலா பொறுத்துக்கொண்டாள். அந்தக் கரையில் சேர் செத்தால் ஆம்பிளைகள் தங்கள் தகப்பன் செத்ததுபோலத்தான் நடந்துகொள்வார்கள். ஆனால் செத்தவீடு முடிந்த பிறகும் போனில் "வாறன், வாறன்" என்றான். பிறகு போனும் எடுக்கவில்லை. நேரில் கண்டதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வழி முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீடு பூட்டியிருக்கவில்லை. குசினியில் அடுப்பு மூட்டி நாளாகியிருந்தது. மீன் மணம் துளிகூட இல்லை. மீன்பிடிகாரன் வீட்டில் மீன் மணக்காவிட்டால் எங்கோ பிழை நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். படகு கரையில் இழுத்துவிட்டபடி கிடந்தது. வலையில் மண் ஏறியிருந்தது. கட்டிலுக்கடியில் கிடந்த அவனுடைய பழைய பந்தடி பூட்ஸ் சோடியைக் காணவில்லை. வீட்டுக்குள் வேறொரு மணம் நின்றது. மூட்டு நோவுக்குப் பூசுகிற தைலத்தின் மணம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் அது தெரியும். சேர் வருவதற்கு முன்னமே அவருடைய தைல மணம் வகுப்புக்குள் வந்துவிடும்.

அப்போதுதான் மைதானத்துப் பக்கம் பந்து உதைபடும் சத்தம் கேட்டது.

பந்து மட்டும்.

அந்த ஊரில் பந்தடி என்றால் பாதி விளையாட்டு கத்தல்தான். பந்து தரச்சொல்லிக் கத்துவார்கள், தராதவனை ஏசுவார்கள், ஓரத்தில் நிற்பவர்கள் இரண்டு பக்கத்தையும் ஏசுவார்கள். இப்போது ஒரு குரல்கூட இல்லை. தொம், தொம் என்று பந்து. மண்ணில் கால்கள் இழுபடும் சத்தம். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் மைதானத்துக்குப் போனாள்.

ஒரு பக்கம் றோட்டு, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவில் அந்த மைதானம். கடற்பக்க மூலையில் சேர் வழக்கமாக நிற்கும் பூவரசு. உள்ளே ஓடிக்கொண்டிருந்தவர்கள் பொடியன்கள் இல்லை, பிள்ளைகுட்டிக்காரர். போன வருசம் தொப்பையைத் தள்ளிக்கொண்டு திரிந்தவர்களுக்கு இப்போது விலா எலும்பு தெரிந்தது. சிலருக்குப் பூட்ஸ் கிழிந்து விரல்கள் வெளியே இருந்தன. கடல் மண் இரத்தத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒருவரும் யாரையும் பார்க்கவில்லை.

டினேஷ் ஓரக்கோட்டை ஒட்டி, அவளைத் தாண்டி ஓடினான்.

"இஞ்சேருங்கோ," என்றாள்.

அவன் கண் அவள் பக்கம் திரும்பியது. சட்டென்று நிறைந்து வழிந்தது.

கால்கள் நிற்கவில்லை.

மைதானத்து மூலையில், றோட்டை ஒட்டியிருந்தது சேருடைய வீடு. அவருடைய மனைவி பிரான்சிஸ்கா கேற்றடியில் நின்று அவளைக் கூப்பிட்டு, கதிரை போட்டு, தண்ணீர் கொடுத்தாள். கிழவி தானாகவே சொன்னாள்.

செத்தவீட்டன்று மாதா கோயிலுக்குப் போகும் வழியில் பெட்டியை மைதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது அந்தப் பக்கத்து முறை. விளையாட்டுக்காரனை மைதானம் காட்டாமல் அடக்கம் செய்ய மாட்டார்கள். சேருடைய பழைய அணியில் கப்டனாக இருந்த நிறோஜன், சேரின் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து ஊதினான். டினேஷ் உட்பட அந்தப் பழைய அணிக்காரர் அத்தனை பேரும் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் காற்சட்டையுமாக, அழுது அழுது, பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் பந்தடித்தார்கள். அதற்குள் கோயில் மணி அடித்தது. பூசை வைக்கச் சுவாமி காத்துக்கொண்டிருக்கிறார் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். நிறோஜன் விசிலைத் திரும்பச் சேரின் கழுத்தில் மாட்டினான். பெட்டியை மூடினார்கள். மண் போட்டார்கள்.

ஆட்டம் தொடங்க ஊதினார்கள். முடிக்க ஊதவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், பயிற்சி நேரத்துக்கு, அவர்களுடைய கால்கள் அவர்களை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போயின. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிற அளவுக்கு இருண்டால் மட்டும் கால்கள் அவர்களை விடும். சுவாமி வந்து தீர்த்தம் தெளித்தார். வேறு விசில் வாங்கி ஊதிப் பார்த்தார்கள். டினேஷை உறவுக்காரர் கட்டிலில் கட்டி வைத்தார்கள். கயிறு சதையை அறுத்துக்கொண்டு போகப் போக, கால்கள் கட்டிலில் கிடந்தபடியே ஓடின. பயந்துபோய் அவிழ்த்து விட்டார்கள். பிள்ளை பெற்றவள் பயந்துவிடுவாள் என்று நிறஞ்சலாவுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். நிறோஜன் மைதானத்திலேயே விழுந்து செத்தான். மாரடைப்பு என்றது ஆஸ்பத்திரி. அவனை ஓரமாகக் கிடத்திவிட்டு மற்றவர்கள் ஓடினார்கள். அவனுடைய அடக்கத்துக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை.

நிறஞ்சலாவுக்குச் சேர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த மனிதர் மேல் ஆத்திரப்படுவது அவளுக்கே புதிசு. புவியியல் படிப்பித்தவர். பாடத்துக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குச் சைக்கிளில் போய், கிணற்றடியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். சின்ன வயதில் இந்த ஊரில் மாமி வீட்டில் நின்று படித்த அவளும் அந்தக் குரலுக்குப் பயந்து காய்ச்சலோடு எழும்பிப் பள்ளிக்கூடம் போனவள்தான்.

அந்த அணிக்காரர் பொடியன்களாக இருந்த காலம் ஆட்கள் காணாமல் போன காலம். றோட்டில் வெள்ளை வான் ஒன்று, இலக்கத்தகடு இல்லாமல், வந்து நிற்கும். யாருடையது, உள்ளே யார் என்று இன்றுவரை தெரியாது. வீட்டுக்கு நடந்து போகும் பொடியன்கள்தான் அதற்கு வேண்டும். ஆனால் ஊர் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டத்தின் நடுவில், அது ஒருவரையும் தூக்கியதில்லை. சேர் அதைக் கவனித்தார். அன்றிலிருந்து அவர் ஆட்டத்தை முடிப்பதில்லை. பிரான்சிஸ்கா கேற்றடியில் நின்று றோட்டைப் பார்ப்பாள். வான் நின்றால் சும்மா நிற்பாள். போய்விட்டால் வெள்ளைத் துவாயை உயர்த்தி ஆட்டுவாள். அதைக் கண்ட பிறகுதான் சேர் நீளமாக ஒரு விசில் ஊதுவார். பொடியன்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். தான் ஊதாமல் ஒருத்தனும் மைதானத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது அவருடைய சட்டம். கோல் காத்த டிலுக்சன் மட்டும் ஒருநாள் பசி தாங்காமல் தாண்டினான். வான் கதவு சரக்கென்று இழுபட்ட சத்தம்தான் மற்றவர்களுக்குக் கேட்டது. அவனுடைய தாய் இன்றைக்கும் வாசல் கதவைப் பூட்டுவதில்லை.

பேர்பேராகச் சொல்லிக்கொண்டு போகலாம், சேர் அப்படிக் காப்பாற்றிய உயிர்களை. டினேஷ் அதில் ஒருவன்.

இருட்டிய பிறகு அவன் வந்தான். வாசற்படியிலேயே விழுந்து நித்திரையாகிவிட்டான். நிறஞ்சலா அவன் பாதங்களைச் சுடுதண்ணீரில் கழுவினாள். நறுக்கென்று கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை. காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் நீட்டினாள். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"காட்டாதை, நிறஞ்சி. கால் என்ர சொல் கேக்குதில்ல. பிள்ளையைக் கையில தந்தா, தூக்கிக்கொண்டே ஓடிப்போடுவன்."

அவள் அழுதாள். அழுது முடிந்ததும் மனதில் ஒன்று தட்டியது. சேர் தன் இஷ்டத்துக்கு ஊதுகிறவர் இல்லையே. துவாய் ஆடினால்தானே ஊதுவார்.

பின்னேரம் பிள்ளையோடு பிரான்சிஸ்காவிடம் போய் இதைச் சொன்னாள். கிழவி ஆச்சரியப்படவில்லை. தான் ஒவ்வொரு நாளும் துவாயோடு கேற்றடிக்குப் போவதாகச் சொன்னாள். அன்றைக்கும் போனாள். மடித்த துவாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு றோட்டையே பார்த்தாள். நிறஞ்சலாவும் பார்த்தாள். தார் றோட்டு, மணல், கழுதைகள். ஒரு வாகனம் இல்லை.

கிழவியின் கை துவாயோடு மேலே எழும்பப் பார்த்தது. திரும்பக் கீழே வந்தது.

"இன்னும் நிக்கிறாங்கள், பிள்ளை," என்று மெல்லச் சொன்னாள்.

"ஆர் அன்ரி? றோட்டு வெறுமையாக் கிடக்கு."

"உனக்கு வெறுமைதான்."

துக்கத்தில் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நிறஞ்சலா முடிவு கட்டினாள். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்? கழுதைகள் அன்றைக்கு றோட்டின் நடுவில் நிற்கவில்லை என்பதை அவள் கண்டாள். இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஒரு வாகனம் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றன. கண்டாள், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஏனென்றால் மைதானத்தில் டினேஷ் முகங்குப்புற விழுந்திருந்தான். வாயில் இரத்தம் வந்தது. கைகள் மண்ணைப் பிடித்து நிற்கப் பார்த்தன. கால்கள் அவனை எழுப்பித் திரும்ப ஓட வைத்தன.

அவள் பிள்ளையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துவாயை உருவினாள்.

பிரான்சிஸ்கா அவள் கையைப் பிடிக்க வந்தாள். எட்டவில்லை.

நிறஞ்சலா துவாயை உயர்த்தி ஆட்டினாள்.

காற்று நின்றது. தைலம் மணத்தது. பூவரசடியில் இருந்து, நீளமாக, மூச்சு முடியும்வரை, ஒரு விசில்.

எல்லாக் கால்களும் நின்றன. யாரோ தாயைக் கூப்பிட்டு அழுதான். யாரோ சிரித்தான். ஒருத்தன் பந்தை எடுத்து முத்தமிட்டான். குரல்கள் திரும்பி வந்துவிட்டன. கடற்பக்கம் வீடுள்ளவர்கள் கடற்பக்கம் நொண்டி நொண்டிப் போனார்கள். மற்றவர்கள் றோட்டுப் பக்கம் வந்தார்கள். டினேஷ்தான் எல்லோருக்கும் முன்னால் வந்தான். கல்யாணத்தன்று சிரித்த அதே சிரிப்பு. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, முதல்முறையாகப் பிள்ளையைப் பார்த்தான்.

"ஆரைப்போல இருக்கிறாள்?"

"உங்களைப்போலத்தான்," என்றாள் அவள். பிள்ளையை அவன் பக்கம் நீட்டினாள்.

அவன் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தான்.

சரக்கென்று ஒரு கதவு இழுபட்டது.

அவன் நின்ற இடத்தில் மண் பறந்தது. பூட்ஸ் ஒன்று கிடந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவர்களையும் காணவில்லை.

கடற்பக்கம் போனவர்கள் வீடு சேர்ந்தார்கள். றோட்டுப் பக்கம் வந்தவர்கள் ஒருவரும் சேரவில்லை. பொலிஸ் வந்து எதிர்க் கடையின் கமராவைப் போட்டுப் பார்த்தது. நிறஞ்சலாவையும் பார்க்கச் சொன்னார்கள். அதில் அவள் துவாய் ஆட்டுகிறாள். டினேஷ் சிரித்துக்கொண்டு வருகிறான். கோட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் யாரையோ பார்க்கிறான். சிரிப்பு போகிறது. இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் வைத்துக் குனிகிறான். உயரமான எதிலோ ஏறுவதுபோல ஒரு காலைத் தூக்குகிறான். அதற்குப் பிறகு அவன் இல்லை. வானும் இல்லை. கழுதைகள் மட்டும் எதுவோ போகிற திசையில் மெதுவாகக் கழுத்தைத் திருப்புகின்றன.

ஊரில் அவளை ஒருவரும் குறை சொல்லவில்லை. பிரான்சிஸ்காவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். உயிரோடு இருந்த காலம் முழுக்க ஒருதரம்கூடப் பிழையாக ஊதாத மனிதரை, செத்த பிறகு அவள்தான் பிழையாக ஊத வைத்தாள். அவர் துவாயை நம்பினார், அவ்வளவுதான்.

மறுநாள் பின்னேரம் பூவரசடியில் குட்டையாக ஒரு விசில் கேட்டது. தொடங்குவதற்கான விசில். மிச்சமிருந்தவர்கள் மைதானத்துக்கு நடந்தார்கள். இந்தமுறை அவர்களைப் பிடித்துக் கட்டி வைக்க யாரும் வரவில்லை. கோட்டுக்குள் நிற்கும்வரை வான் தொடாது என்று, அவர்களுடைய மனைவிமாரே பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, பின்னால் வந்து விட்டுவிட்டுப் போனார்கள். பிரான்சிஸ்கா துவாயோடு கேற்றடியில் நின்றாள்.

நிறஞ்சலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, மண்ணில் உட்கார்ந்தாள். தைல மணம் அவளைச் சுற்றி வந்து பக்கத்தில் நின்றது. அவளுக்கு இப்போது சேர் மேல் கோபமில்லை. பிள்ளை கண்ணை விழித்து றோட்டுப் பக்கம் பார்த்தது.

அங்கே கதவு இழுபட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.

கதவை மூடிக்கொண்டு வான் போகும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள். அது கேட்கவில்லை.