சினை மாடுகளின் புல்லில் வெள்ளைப் பொடி

ஹேமிஷ் தொப்பியைக்கூடக் கழற்றாமல் காவல் நிலையத்துக்குள் நுழைந்தார். தன் பண்ணையில் பால் கறக்கும் ரோடெலைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்றார். அவருடைய மாடுகள் ஈன்ற மறுநாளே கழுத்தை மடித்துக்கொண்டு விழுகின்றன. ஊசி போட்டால் எழுந்து நிற்கின்றன, மறுபடி விழுந்து சாகின்றன. மட்டவுரா ஆற்றங்கரையில் மாடுகள் ஈனும் இந்தப் பருவத்தில் ஒன்றிரண்டு மாடுகள் விழுவது யாருக்கும் புதிதல்ல. வரிசையாக விழுவதுதான் புதிது.

ரோடெல் பிலிப்பைன்ஸ்காரர். தாய் இறந்தபோது ஊருக்குப் போக விடுப்பு கேட்டார். மாடுகள் ஈனும் நேரத்தில் யாருக்கும் விடுப்பு கிடையாது என்று ஹேமிஷ் மறுத்துவிட்டார். "உங்க மாடும் உங்களுக்கு நிலைக்காது பாஸ்" என்று அன்று ரோடெல் சொன்னதைக் கொட்டகையில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சினை மாடுகள் மேயும் புல்லில், சத்துப் பொடி என்று, தினமும் வெள்ளைப் பொடி தூவுவதும் அவர்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்பது ஹேமிஷின் கட்சி. காவல் நிலையத்துக்கு வருவதற்கு முன்பே மதுக்கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் ரோடெலின் பெயரைச் சொல்லி முடித்திருந்தார். வேலை போனால் ரோடெலின் விசாவும் போகும். மனைவி, மகளோடு நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியதுதான்.

கான்ஸ்டபிள் டிபெனேவுக்கு எதிலும் அவசரம். விலங்கை எடுத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். நல்லவேளையாக, வழியில் கால்நடை மருத்துவர் மொய்ராவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். செத்த மாடுகளின் இரத்தத்தை ஏற்கெனவே சோதித்திருந்த மொய்ரா, அதில் விஷம் எதுவும் இல்லை என்றும், கால்சியம்தான் அடிமட்டத்தில் இருந்தது என்றும் சொன்னார்.

"கண்ணுக்குத் தெரியாத விஷமா இருக்கும் டாக்டர்" என்றார் டிபெனே.

"இருக்கலாம். முதல்ல கண்ணுக்குத் தெரியறதப் பாப்போம்."

ஹேமிஷ் தம் நாலு சக்கர வண்டியில் முன்னால் போய் வழி காட்டினார். முழங்கால் தேய்ந்ததிலிருந்து தபால் பெட்டி வரைக்கும்கூட அவருக்கு அந்த வண்டிதான். சினை மாடுகள் நின்ற வயலில் உறைபனி இன்னும் கரையவில்லை. வேலியை ஒட்டி, ரோடெலின் வண்டி போன தடத்தில், வெள்ளைப் பொடி நீளக் கோடாகக் கிடந்தது. மொய்ரா அதைத் தாண்டிப் போய்த் தண்ணீர்த் தொட்டியருகே நின்றார். அங்கேயும் வெள்ளைப் பொடி, ஆனால் கைப்பிடி கைப்பிடியாக. சுற்றிலும் சக்கரத் தடமே இல்லை.

டிபெனே மதியத்துக்கு வாங்கிவைத்திருந்த மீன் வறுவலோடு ஒரு சின்னப் புட்டி வினிகர் இருந்தது. மொய்ரா அதைக் கேட்டு வாங்கி இரண்டு பொடியிலும் ஊற்றினார். கோடாகக் கிடந்த பொடி சும்மா நனைந்தது. தொட்டியருகே இருந்தது நுரைத்துப் பொங்கியது. டிபெனே வறுவலை மறந்துவிட்டார்.

வீட்டுக்குள் ஹேமிஷின் மனைவி லோர்னா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பிறந்த கன்றுகளைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து பால் புகட்டி வளர்ப்பது அவள் வேலை. விரல் நுனியெல்லாம் வெடித்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். ரோடெலையும் அழைத்துவரச் சொல்லி, அவர் வந்து கதவோரம் நின்ற பிறகே மொய்ரா பேசினார்.

"நீ தூவினது மக்னீசியம். அது நல்லது. தொட்டிகிட்ட வினிகர் பட்டுப் பொங்கினது சுண்ணாம்புக்கல் தூள். ஈன்ற மாட்டுக்கு மட்டும்தான் அதப் போடணும்."

"சுண்ணாம்புல கால்சியம்தானே இருக்கு? அது எப்படிக் கொல்லும்?" என்றார் ஹேமிஷ்.

"ஈன்ற அன்னிக்கு இருக்கற கால்சியம் மொத்தமும் பால்ல இறங்கிடும். எலும்புல இருந்து எடுத்துத்தான் மாடு எழுந்து நிக்கணும். முன்னாடி சில வாரம் கொஞ்சம் குறைச்சலாக் கிடைச்சாத்தான் உடம்பு அந்த வேலையப் பழகும். உக்கார வெச்சு ஊட்டினா பழகாது. ஊசி போட்டா ஒரு நாள் நிக்கும், அப்புறம் சரிஞ்சிடும்."

டிபெனே ரோடெலைப் பார்த்தார். மொய்ரா தலையசைத்து மறுத்தார்.

"தூவினவங்க நடந்து வந்திருக்காங்க. ரோடெல் வண்டியில இருந்தே தூவறவன். ஹேமிஷால அவ்வளவு தூரம் நடக்க முடியாது. தினமும் அந்த வயலுக்கு நடந்து போய்க் கன்னுக்குட்டி எடுத்துட்டு வர்றது ஒருத்தர்தான். சுண்ணாம்பு பட்டுப் பட்டு விரலும் வெடிச்சிருக்கு."

லோர்னா மறுக்கவில்லை. போன வருடம் மாடு விழுந்து செத்தபோது கணவர் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்ததை அவளால் மறக்க முடியவில்லையாம். ஊசியில் ஏற்றுவது கால்சியம்தானே, முன்கூட்டியே கொடுத்தால் விழாது என்று நினைத்தாளாம். ஆசையாகத்தான் கொடுத்திருக்கிறாள், பாவம்.

"தெரியாமப் போட்டீங்க, சரி" என்றார் மொய்ரா. "பொடியில விஷம்னு இவர் ரோடெல் மேல பழி போட்டப்ப, நானும் ஒரு பொடி போட்டேன்னு சொல்லியிருக்கலாமே?"

லோர்னா கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள். "ரோடெல் போனா வேற ஊருல பொழைச்சுக்குவான். நான் இவர் கூடத்தானே இருந்தாகணும்."

  ஹேமிஷ் ரோடெலிடம் வேலையில் இருக்கச் சொன்னார்.

"இருக்கத்தான் வேணும் பாஸ், எனக்கு வேற எங்க விசா இருக்கு? ஆனா ஸ்கூல்ல என் பொண்ண விஷக்காரன் பொண்ணுன்னு கூப்பிடறாங்க. நடந்தது என்னன்னு நீங்க போய்ச் சொல்லணும்."

ஹேமிஷ் மறுநாளே போனார். மாடுகளுக்கு ஏதோ சத்துக் குறைவு, விஷமெல்லாம் இல்லை என்று பள்ளிக்கூட வாசலில் சொன்னார். யார் என்ன தூவினார்கள் என்று சொல்லவில்லை. பழி போடும்போது பெயர் சொன்ன வாய், பழியை எடுக்கும்போது பெயரை விழுங்கிவிட்டது. முதலாளி பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. அந்த மாதமே ரோடெல் மகளை ஆற்றுக்கு அக்கரைப் பள்ளியில் சேர்த்தார்.