ஆளுக்கொரு டம்ளர்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பஜ்ஜி கொடுத்து அனுப்பிய காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது கூடத்து மேசையில் பாத்திரம் கழுவும் சோப்பு, அன்னாசிச் சாறு, ஃப்ரிட்ஜில் குளிரவைத்த சாராயம். பெண்ணும் மாப்பிள்ளையும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து ஆளுக்கொரு டம்ளரில் துப்ப வேண்டும். சோப்பும் சாறும் கலந்து, சாராயத்தை ஓரமாக ஊற்றினால் டி.என்.ஏ. வெள்ளை நூலாக மிதந்து வரும். அதை இழைகாட்டி என்ற கருவியில் வைத்தால் பரம்பரை நோயையெல்லாம் சபையில் உரக்கப் படிக்கும்.

எங்கள் பரம்பரையில் இல்லாத நோய் இல்லை. என் இழையைப் பார்த்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள். போனால் போகட்டும் என்றிருந்தேன். ஆனால் இன்று பார்க்க வந்திருந்த செழியன் என்னோடு வேலை பார்ப்பவர். அவரை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. இது முறிந்தால் தாங்கமாட்டேன்.

சபையில் துப்புவது மரியாதையில்லை என்று பின்கட்டுக்குப் போய்த் துப்புவது வழக்கம். அந்த மரியாதையில்தான் ஊரே ஏமாற்றுகிறது. அங்கே அப்பா ஒரு டம்ளரோடு காத்திருந்தார்.

"இதைக் கொண்டு போ. ஜிம் பீமராஜோடது. தும்மல்கூட வராத உடம்பு."

"அப்பா, அவர் ஆம்பளை."

"நோயைத்தானே பார்ப்பாங்க?"

புத்தி வேண்டாம் என்றது. பயம் வாங்கிக்கொண்டது.

"இழை ஒன்று. நோய் எதுவும் இல்லை," என்று என் டம்ளரின் நூலைப் படித்தது இழைகாட்டி. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆண்."

செழியனின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து செழியனின் நூல்.

"இழை இரண்டு. நோய் எதுவும் இல்லை. ஆண். இருவரும் ஒரே ஆள். திருமணம் பரிந்துரைக்கப்படவில்லை."

செழியனின் அப்பா செருமினார். "பீமராஜ் உங்களுக்கும் பழக்கமா?"

"கொஞ்சம்," என்றார் அப்பா, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே.

"எங்க பக்கம் எல்லாருக்கும் இதயம் வீக்குங்க. அதான்…" என்று இழுத்தார் செழியனின் அப்பா.

செழியனின் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மரியாதையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். ரெண்டு பேரும் இங்கேயே துப்புங்க."

துப்பினோம். இரண்டு டம்ளரிலும் வெள்ளை நூல் மிதந்தது. செழியன் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார் மனுஷன். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, அவர் டம்ளரைப் பிடுங்கி என்னுடையதில் ஊற்றி ஸ்பூனால் கலக்கிவிட்டேன்.

"என்னம்மா பண்றே?"

"எப்படியும் கலக்கப்போறதுதானே அத்தை," என்று அதையே இழைகாட்டியில் வைத்தேன்.

அது வெகுநேரம் முனகியது. நாட்டு மரபணுக் கிடங்கில் இருக்கும் யாரோடும் பொருந்தாத இழைக்கு அதனிடம் ஒரே பதில்தான் உண்டு.

"இப்படி ஒருவர் இன்னும் பிறக்கவில்லை."

செழியனின் அம்மா எழுந்து போய் இழைகாட்டியை அணைத்தார்.

"பிறக்கட்டும். பார்த்துக்கலாம்," என்றார்.